கடலைக் கடந்த மின்சாரம்

சுவீடன் நாட்டுக்குச் சொந்தமான கோட்லாந்து தீவு பால்டிக் கடலில் அமைந்துள்ளது. பெருநிலத்தில் ஆற்று நீரிலிருந்து மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால், இடையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலக் கடல் இருந்ததால் அம்மின்சாரம் தீவை எட்டவில்லை. இத்தடையை நீக்க வழி கண்டவர் பொறியியலாளர் ஊனோ லாம்.

லாம் 1904ஆம் ஆண்டு கோதன்பர்க் நகரில் பிறந்தார். ஸ்டாக்ஹோமில் மின்பொறியியல் பயின்று 1927இல் பட்டம் பெற்றார். பின்னர், ஆசெயா என்னும் மின்பொறி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். அது ஓயாமல் திசை மாறிப் பாய்வதால், நீண்ட கடலடி வடத்தின் திறனில் பெரும்பகுதி அவ்வடத்தைத் திரும்பத் திரும்ப மின்னேற்றவே போய்விடும். ஒரே திசையில் பாயும் நேர்த்திசை மின்னோட்டத்திற்கு இக்குறை இல்லை. ஆகவே, ஒரு கரையில் மின்னோட்டத்தை நேர்த்திசைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மறுகரையில் அதை மீண்டும் மாறுதிசைக்குக் கொண்டுவர வேண்டும். உயர் மின்னழுத்தத்தில் இதைச் செய்யும் கருவி அப்போது இல்லை.

பாதரச வால்வு என்னும் கருவி, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கதவைப் போன்றது. ஆனால், மின்னழுத்தம் மிகும்போது மின்சாரம் அக்கதவை மீறி எதிர்த்திசையிலும் பாய்ந்துவிடும். அழுத்தம் முழுவதையும் ஓரிடத்தில் சுமத்தாமல், இடையிடையே பல மின்முனைகளை வைத்துப் பகிர்ந்தளிக்கலாம் என்று லாம் எண்ணினார். 1929இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 25.

எனினும், எண்ணம் கருவியாக உருப்பெறுவது எளிதாக இல்லை. பாதரச ஆவியின் போக்கைக் கணக்கிட்டுக் கூற இயலாததால், ஒவ்வொரு வடிவத்தையும் செய்து பார்த்தே அறிய வேண்டியிருந்தது. ஆண்டுகள் பல உருண்டோடின. லாம் மனம் தளரவில்லை. பணியாற்றிக்கொண்டே படித்து 1943இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

1954ஆம் ஆண்டு கோட்லாந்துக்கு மின்சாரம் கடலடியில் பாய்ந்தது. மின்னழுத்தம் 100 கிலோவோல்ட். திறன் 20 மெகாவாட். காப்புரிமை பெற்று 25 ஆண்டுகள் கடந்த பின்னரே அவர் உழைப்பு கனிந்தது. பின்னாளில் லாம் அமெரிக்கா சென்று, ஓரிகனையும் லாஸ் ஏஞ்சலிஸையும் இணைக்கும் நெடுந்தொலைவு மின்தடத் திட்டத்தில் பங்காற்றினார். அது 1970இல் செயல்படத் தொடங்கியது. அவர் 1989இல் கலிபோர்னியாவில் காலமானார்.

இன்று பாதரச வால்வுகளின் இடத்தைச் சிலிக்கான் கருவிகள் பிடித்துவிட்டன. புதிய வகை மின்னோட்ட மாற்று நிலையங்களில், மின்தேக்கி பொருத்தப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு கூறுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக இணைத்தும் விலக்கியும், படிப்படியாக ஏறி இறங்கும் மின்னலையை உருவாக்குகிறார்கள். 2010இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியில் செல்லும் மின்தடத்தில் இம்முறை பயன்பாட்டுக்கு வந்தது. கருவிகள் மாறிவிட்டன. ஆயினும், பெரிய சுமையை ஒன்றே தாங்காமல் பல கூறுகள் பகிர்ந்துகொள்ளும் வழி இன்றும் தொடர்கிறது.