ஒலியைப் பெருக்கிய லீ டி ஃபாரெஸ்ட்

தூத்துக்குடியில் என் சித்தப்பா வீட்டு ஹோம் தியேட்டரில் ஒலியைக் கூட்டினால் கரகரப்பு எழும். சென்ற பொங்கல் விடுமுறையில் அதன் ரிசீவரின் பின்புறமுள்ள பிரீ-அவுட் துளைகளிலிருந்து வயர் இழுத்து, தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபயரை இணைத்தேன். முன்பக்க ஸ்பீக்கர்களின் சுமை அதற்கு மாறியதும் கரகரப்பு நின்றது. அருகிலிருந்த என் தந்தையார், சிறிய ஒலி எப்படிப் பெரிதாகிறது என்று வினவினார். அவர் உப்பளத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இயற்பியல் இரண்டாமாண்டு மாணவனாகிய நானோ விடை கூற இயலாது விழித்தேன். அவ்விடையைத் தேடிச் சென்றபோதுதான் லீ டி ஃபாரெஸ்ட் என்னும் அமெரிக்கரின் வாழ்வை அறிந்தேன்.

அவர் 1873 ஆகஸ்ட் 26-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் பாதிரியார், அலபாமாவில் கறுப்பின மக்களுக்கான கல்லூரியொன்றின் தலைவர். அதனால் அவ்வூர் வெள்ளையர் அக்குடும்பத்தை ஒதுக்கினர். தனிமையில் வளர்ந்த சிறுவன் இயந்திரங்களில் மனத்தைச் செலுத்தினான். 1899-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஃபிளெமிங் 1904-ல் செய்த வால்வில் சூடான இழையும் தகடும் மட்டுமே இருந்தன. டி ஃபாரெஸ்ட் 1906-ல் இரண்டிற்கும் இடையே ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். வலையில் படும் சிறு மின்னழுத்தம், இழையிலிருந்து தகட்டுக்குப் பாயும் பெரு மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. ஆடியான் எனப்பட்ட அக்குழாய் ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்கே விளங்கவில்லை என்பதுதான் விந்தை! உள்ளே எஞ்சிய வாயுவே காரணம் என்று தவறாக எண்ணினார். காற்றை முற்றிலும் நீக்கினால்தான் அது நன்கு இயங்கும் என்று பின்னர் பிறர் காட்டினர்.

பங்கு விற்பனை மோசடி வழக்கில் அவர் 1913-ல் விசாரிக்கப்பட்டபோது, ஆடியான் பயனற்ற பொருள் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அவர் விடுதலையானார். தொலைபேசிக் குரலைப் பெருக்கும் உரிமையை அதே ஆண்டில் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் 50,000 டாலருக்கு வாங்கியது. 1915-ல் நியூயார்க்கிலிருந்து பேசியது சான் பிரான்சிஸ்கோவில் கேட்டது.

ஆம்ஸ்ட்ராங்குடன் நடந்த காப்புரிமை வழக்கில் 1934-ல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரெஸ்டுக்கே வெற்றி தந்தது. பொறியாளர் பலர் அதை ஏற்கவில்லை. நானும் ஆம்ஸ்ட்ராங் பக்கமே. குழாயின் செயலை உணர்ந்து விளக்கியவர் அவரல்லவா?

படச்சுருளிலேயே ஒலியைப் பதிந்து, 1923-ல் நியூயார்க் அரங்கொன்றில் டி ஃபாரெஸ்ட் பேசும் படங்களைக் காட்டினார். தமிழ் பேசிய காளிதாஸ் வந்தது 1931-ல். முறைகள் எத்தனை மாறினும், பெருக்கி இன்றேல் கடைசி வரிசைக்குக் குரல் எட்டியிராது. 1961 ஜூன் 30-ல் ஹாலிவுட்டில் அவர் மறைந்தபோது வங்கியில் இருந்தது ஏறத்தாழ 1,250 டாலர்.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் உப்பளத்து மடையை வைத்து விளக்கினேன். மடைப்பலகையைத் தூக்குபவன் ஒரு சிறுவனே, பாய்வதோ பெருநீர். வலைதான் அப்பலகை. வால்வின் இடத்தில் இன்று டிரான்சிஸ்டர் அவ்வேலையைச் செய்கிறது. சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சுவரிலிருந்த பிளக்கைக் காட்டினேன். கரண்டு பில்லைச் சித்தப்பாதானே கட்ட வேண்டும் என்று சிரித்தார்.