வீடு மறுக்கப்பட்டவர் கேட்ட மானியம்

திண்டுக்கல் போன்ற நகரங்களில் ஒன்றிய அரசின் வீட்டு வசதி நிதி யாரைச் சென்றடைகிறது என்று கேட்போர், அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை இன்னொரு கோணத்திலும் கற்க வேண்டும். வீடும் பொது நிதியும் அவர் வாழ்வில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் பிறந்தவர் அம்பேத்கர். 1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின் பம்பாயில் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, பரேலில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றின் சிறு அறைகளில்தான் அவர் குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்தது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, 1917இல் பரோடா அரசில் பணியேற்றபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைத் தடியேந்திய கும்பல் வெளியேற்றியது. வேலையைத் துறந்து பம்பாய் திரும்பினார். உயர்கல்வியும் அரசுப் பதவியும் இருந்தும் சாதி அவருக்கு ஓர் அறையைக்கூட மறுத்தது.

1925இல் வெளிவந்த அவரது ஆய்வு நூல், பிரித்தானிய இந்தியாவில் மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான நிதி உறவின் வளர்ச்சியை ஆராய்ந்தது. ஒதுக்கும் அதிகாரமும் செலவிடும் பொறுப்பும் எங்கெங்கே இருக்கின்றன என்பதை அவர் நுணுகிக் கற்றிருந்தார்.

அக்கல்வியின் தடத்தை 1947இல் அவர் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில் காணலாம். ஊரின் விளிம்பில் நிலமின்றி ஆதிக்கச் சாதியினரைச் சார்ந்து வாழும் பட்டியல் சாதி மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும். அவற்றை அமைக்கக் குடியேற்ற ஆணையம் வேண்டும். சாகுபடிக்கு ஏற்ற அரசுத் தரிசு நிலங்களை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்றிய அரசு அதற்கு ஆண்டுதோறும் குறைந்தது 5 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்றார். நிலம், நிதி, பொறுப்புள்ள அமைப்பு ஆகிய மூன்றையும் அவர் சேர்த்தே கேட்டார். வரைவுக் குழுவுக்கு அவரே தலைமையேற்றும் அக்கோரிக்கை அரசமைப்பில் இடம்பெறவில்லை. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

அந்த இடைவெளி இன்றும் தொடர்கிறது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், தாமே வீடு கட்டிக்கொள்வோருக்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. ஆனால் சொந்த மனை இருப்பவரே அதைப் பெற முடியும். புறம்போக்கில் தலைமுறைகளாக வாழ்ந்தும் பட்டா பெறாத குடும்பம் முதற்படியிலேயே விலக்கப்படுகிறது. நிதி மட்டும் வந்து நிலம் வராதபோது, ஏற்கெனவே நிலமுள்ளவருக்கே அது பயன்படுகிறது.

1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் குடிசைப் பகுதி மேம்பாட்டை நகராட்சிகளுக்குரிய பொறுப்புகளின் பட்டியலில் வைத்தது; பட்டியல் சாதியினருக்கு மன்றத்தில் இடஒதுக்கீடு தந்தது; உள்ளூர்த் திட்டங்களைத் தொகுக்க மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தியது. 2014இல் மாநகராட்சியாகிய திண்டுக்கல்லுக்கும் இவை பொருந்தும். தோல் பதனிடும் தொழிலாளரும் தூய்மைப் பணியாளரும் வாழும் தெருக்களில் பட்டா இல்லாத வீடுகள் எத்தனை, அவற்றுக்கான நிலம் எங்கே என்பதை மன்றத்திலும் திட்டக் குழுவிலும் எழுத்துமூலம் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உள்ளது. அண்ணல் 1947இல் கேட்ட மூன்றையும் சேர்த்தே கேட்போம்.