அம்பேத்கரின் காலை நேரக் கல்லூரி

2019 ஆகஸ்ட் 25ஆம் நாள் வேதாரண்யத்தில் அண்ணல் அம்பேத்கரின் சிலை பட்டப்பகலில் உடைக்கப்பட்டது. மறுநாளே அரசு அதே இடத்தில் புதிய சிலையை நிறுவியது. ஒரு சிலையை ஒரே இரவில் மாற்றிவிட முடிகிறது. அச்சிலைக்குரியவர் கல்லூரி மாணவராக அடியெடுத்து வைத்த நாளிலிருந்து தாமே ஒரு கல்லூரியைத் திறந்த நாள் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்தன. சட்ட அமைச்சராகவும் அரசியலமைப்பின் சிற்பியாகவும் அவரை நினைவுகூரும் நாம், கல்லூரி முதல்வராகவும் கல்லூரி நிறுவனராகவும் அவர் ஆற்றிய பணியை அரிதாகவே பேசுகிறோம்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், பரோடா மன்னர் வழங்கிய மாதம் 25 ரூபாய் உதவித்தொகையைக் கொண்டு பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றார். வகுப்பறையில் இடம் கிடைத்தது. ஆனால் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் அவருக்குத் தேநீரும் தண்ணீரும் மறுக்கப்பட்டன. கொலம்பியாவில் பயின்று திரும்பி, 1918 நவம்பரில் சிடனம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்தபோதும் நிலை மாறவில்லை. ஆசிரியர்களுக்கென வைக்கப்பட்டிருந்த பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலரே எதிர்த்தனர். சிடனம் அரசுக் கல்லூரி. பானையைக் காத்து நின்றது எந்த அரசாணையும் அன்று.

பின்னர் அரசுக் கல்லூரி ஒன்றின் தலைமையே அவரிடம் வந்தது. 1935 ஜூன் மாதம் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். அவருடைய துணைவியார் ரமாபாய் மறைந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அரசு ஊதியம் பெறும் ஒரு முதல்வர் அத்தகைய அறிவிப்பைச் செய்ததன் துணிவை இன்றைய கல்லூரிச் சூழலில் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்கலாம். சட்டக் கல்வியைச் சீர்திருத்துவது பற்றி 1936இல் அவர் கட்டுரையும் எழுதினார். ஆயினும் முதல்வர் நாற்காலி தரும் அதிகாரம் எத்துணைச் சிறியது என்பதை அங்கேயே அவர் கண்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. விதிகளை நடைமுறைப்படுத்தலாம், யாருக்காக அக்கல்லூரி நடக்கிறது என்பதை மாற்ற இயலாது.

1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசிடம் விண்ணப்பம் அளித்தார். கல்வி அதில் முதன்மையான இடம் பெற்றது. 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கு அவருடைய இடைவிடாத வற்புறுத்தலே பின்புலம். இன்று இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் பலர் அத்தொகையைப் பெற்றவர்களாகவோ, அதற்காகக் காத்திருப்பவர்களாகவோ இருப்பீர்கள்.

உதவித்தொகையோடு அவர் நின்றுவிடவில்லை. 1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் முதற்பணியாக 1946 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த் கல்லூரி திறக்கப்பட்டது. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத காலம். மரைன் லைன்ஸ் பகுதியில் இராணுவத்தின் பழைய பாசறைக் கட்டடங்களே முதல் வகுப்பறைகளாயின. கோட்டைப் பகுதியில் ஆனந்த பவனும் புத்த பவனும் பின்னர் வந்தவை. அவர் பௌத்தம் தழுவுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கல்லூரிக்குப் புத்தரின் இளமைப் பெயரைச் சூட்டிவிட்டார். எச்சாதியினரும் அங்கே பயிலலாம். கற்பித்தவர்களிலும் எல்லாச் சாதியினரும் இருந்தனர். தம் பெரும் நூற்செல்வத்தின் ஒரு பகுதியைக் கல்லூரி நூலகத்திற்கு அளித்தார். மாணவர் நாடாளுமன்றம் ஒன்று இயங்கியது. 1950 ஜனவரியில் சட்ட அமைச்சராக இருந்தபோது, இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றி அவர் அங்கே வந்து உரையாற்றினார்.

இவை அனைத்தினும் நான் பெரிதாகக் கருதுவது அக்கல்லூரியின் கால அட்டவணையை. வகுப்புகள் காலை நேரத்தில் நடந்தன. பகலில் அலுவலகத்திற்கோ ஆலைக்கோ செல்லும் இளைஞர், வேலை தொடங்குமுன் பாடம் கேட்டுவிட்டுப் போகலாம். வேலையை விட்டால்தான் படிப்பு என்ற நிபந்தனை, ஒடுக்கப்பட்டோரைக் கல்லூரி வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் சாதிப் பெயரில்லாத தடை. அத்தடையை மணிக்கணக்கை மாற்றியே அவர் அகற்றினார். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்கு இதே ஏற்பாடு உதவாது. அங்கே விடியற்காலைதான் வேலை நேரம். அவர்களுக்கு வேண்டியது பிற்பகல் கல்லூரியாக இருக்கும். நம் மாவட்டங்களில் அரசுக் கல்லூரி கேட்டுப் போராடுவோர் கட்டடத்தோடு சேர்த்து இந்த மணிக்கணக்கையும் கோரிக்கையில் எழுத வேண்டும்.

1950இல் ஔரங்காபாத்தில் அடுத்த கல்லூரி எழுந்தது. நிஜாம் ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த, உயர்கல்விக்கு வழியே அரிதாயிருந்த மராத்வாடா நிலம் அது. 1951 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அதற்கு அடிக்கல் நாட்டினார். பிக்கு நாகசேனரிடம் கேள்விமேல் கேள்வி கேட்ட கிரேக்க அரசன் மிலிந்தனின் பெயரை அதற்கு இட்டதில், ஆசிரியரைக் காட்டிலும் கேட்கும் மாணவரை அவர் மதித்தது தெரிகிறது. பிற்காலத்தில் மராத்தி தலித் இலக்கியம் வேர்பிடித்த இடங்களுள் மிலிந்த் கல்லூரியும் ஒன்று.

மக்கள் கல்விக் கழகம் அவருக்குப் பின் நற்பெயரை மட்டுமே ஈட்டியது என்று சொல்வதற்கில்லை. அதன் பொறுப்பு யாருக்கு என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. மறுபுறம், சித்தார்த் விகார் என்னும் வடாலா மாணவர் விடுதியில் தங்கியும் கூடியும் விவாதித்த இளைஞர்களே 1972இல் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினர்.

1953இல் வணிகக் கல்லூரியும் 1956இல் சட்டக் கல்லூரியும் சித்தார்த்தின் பெயரிலேயே தொடங்கின. 1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் அம்பேத்கர் மறைந்தபோது, அச்சட்டக் கல்லூரியின் முதல் அணி மாணவர்கள் தம் முதலாண்டுப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை.