அவைக்கு வெளியேயும் சொன்ன மனிதர்

ஈப்போவில் பிறந்து வளர்ந்த நண்பர்களைக் கேட்டால், டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் முடிசூட்டு விழாவின் பெயரைத் தாங்கியிருந்த அந்தப் பூங்கா, பின்னர் இவர் பெயரைப் பெற்றது. பூங்காவைத் தெரிந்த அளவுக்கு மனிதரைத் தெரிந்தவர்கள் இன்று நம்மிடையே குறைவு. அவர் அமைச்சராக இருந்தவர் அல்லர். அவர் கையில் ஒரு துறையும் இருந்ததில்லை. பதினொரு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்கும் வேலையைக் கொண்டே ஒரு மத்திய அமைச்சரைப் பதவி விலக வைத்தார்.

இறுதியாண்டு ஆய்வுப் பணிக்காக, நாடாளுமன்றம் அரசாங்கத் துறைகளை எப்படிக் கேள்விக்குள்ளாக்குகிறது என்பதைப் படிக்கத் தொடங்கினேன். 1959 முதல் மக்களவையில் பேசப்பட்டவை யாவும் ஹன்சார்ட் எனப்படும் அறிக்கைகளாக இன்று கணினியிலேயே கிடைக்கின்றன. அந்தப் பழைய ஏடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட பெயர் இவருடையது. அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகவேனும் நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரை.

வழக்குமன்றத்திலிருந்து அரசியலுக்கு

தர்மராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டு பிறந்தவர். இலங்கைத் தமிழர் வழிவந்த குடும்பம். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம். இருவருமே சட்டம் படித்து ஈப்போவில் வழக்குரைஞர்களாகத் தொழில் செய்தார்கள். அவர்கள் தொழில் செய்த காலத்தை நாம் நினைவில் வைக்க வேண்டும். 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் கிந்தா பள்ளத்தாக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஈயச் சுரங்கங்களை ஒட்டி வாழ்ந்த சீனர்கள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். நாடு முழுவதும் அப்படி இடம்பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். விசாரணையின்றிப் பல்லாயிரம் பேர் தடுத்து வைக்கப்பட்டார்கள். போலீசுக்கும் இராணுவத்துக்கும் அளவற்ற அதிகாரம் இருந்த காலம் அது.

1952இல் ஈப்போவில் நடந்த லீ மெங் வழக்கு உலகின் கவனத்தையே ஈர்த்தது. கையெறி குண்டு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்த இளம்பெண்ணுக்காக எஸ்.பி. வாதாடினார். முதல் விசாரணையில் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த மதிப்பீட்டாளர்கள் இருவருமே அவள் குற்றவாளியல்லள் என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மறுவிசாரணையில் மதிப்பீட்டாளர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிய, மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1953இல் பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதிகாரம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால், அவர் பக்கம் நின்று கேட்பதற்கு யாராவது வேண்டும் என்பதை அந்நாளைய ஈப்போ மக்களுக்கு இந்த வழக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

அதே 1953இல் சகோதரர்கள் பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறியது. சீனமும் தமிழும் அதிகாரத்துவ மொழிகளாக வேண்டும், குடியுரிமை எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளைக் கட்சி முன்வைத்தது. புதுக்கிராமத்துச் சீனர்கள் தமிழர் இருவரைத் தங்கள் தலைவர்களாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றைய அரசியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

51 பேருக்கு எதிரே

1955 தேர்தலில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் 52 இடங்களில் 51 இடங்களைத் துங்குவின் கூட்டணி வென்றிருந்தது. கேள்வி கேட்க ஆளில்லாத சட்டமன்றம் என்றே அதைச் சொல்லலாம். சுதந்திரம் கிடைத்ததும், ஈப்போ மெங்லெம்பு தொகுதி உறுப்பினராக இருந்த லியோங் இயூ கோ மலாக்காவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். காலியான அந்தத் தொகுதியில் 1957 நவம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. டி.ஆர். வென்றார். சுதந்திர நாட்டின் மன்றத்தில் உரத்த எதிர்க்குரல் ஒன்று நுழைந்தது.

1959இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல். 104 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை 4. 1964இல் அதுவும் குறைந்து 2 ஆயிற்று. ஈப்போவில் தம்பி, மெங்லெம்புவில் அண்ணன். இரண்டு பேரைக் கொண்டு ஒரு சட்டத்தைத் தடுக்க முடியாது. ஒரு செலவைக்கூட நிறுத்த முடியாது. பிறகு எதற்கு நாடாளுமன்றம் போகவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண, அவை எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கேள்வி கேட்கும் வழிகள்

ஓர் அரசாங்கத் துறை செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் நாடாளுமன்றத்தின் அனுமதியோடுதான் செலவாக வேண்டும் என்பது நம் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் தாக்கல் செய்யப்பட்ட பின், அவை முழுவதும் ஒரு குழுவாக மாறி, துறை துறையாகச் செலவை ஆராய்கிறது. தற்காப்பு, போலீஸ், பொதுச் சேவை ஆணையம் என எல்லாமே அந்த வரிசையில் வரும். ஓர் உறுப்பினர் தொகையில் சிறு அளவைக் குறைக்கும்படி தீர்மானம் கொண்டுவரலாம். தீர்மானம் தோற்கும் என்பது அவருக்கும் தெரியும், அமைச்சருக்கும் தெரியும். ஆனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் ஏட்டில் ஏறியாக வேண்டும். கேள்வி நேரமும் அப்படித்தான். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும் இதே வேலையை, செலவு முடிந்த பிறகு செய்கின்றன.

இவற்றுள் மிகக் கடினமானவை மூன்று துறைகள். தற்காப்பைப் பற்றிக் கேட்டால் இரகசியம் என்பார்கள். போலீசைப் பற்றிக் கேட்டால் நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். அரசு ஊழியர் நியமனத்தைப் பற்றிக் கேட்டால், அது சுதந்திரமான ஆணையத்தின் பொறுப்பு என்பார்கள். உண்மைதான், அரசமைப்புச் சட்டம் ஆயுதப் படைக்கும் போலீசுக்கும் பொதுச் சேவைக்கும் தனித்தனி மன்றங்களை வைத்திருக்கிறது. அரசியல்வாதிகள் தலையிடக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் போலீஸ் படை ஆணையத்துக்குத் தலைவர், போலீசுக்குப் பொறுப்பான அமைச்சரே! அப்படியானால் அமைச்சரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த மசோதாவைத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் அவைக்குக் கொண்டுவந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகவே அது பயன்படும் என்று உறுதியளிக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம் அமைதிக் காலத்திலும் தொடர்வதை எதிர்த்தவர்களுள் டி.ஆர். ஒருவர். வாக்கெடுப்பில் எதிர்த்தவர்கள் தோற்றார்கள். 1987 லாலாங் நடவடிக்கையில் எதிர்க்கட்சித் தலைவர்கள், கல்வியாளர்கள், சமூக ஆர்வலர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் அதே சட்டத்தின்கீழ்க் கைதானார்கள். 2012இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1960இல் தோற்ற கேள்வி சரியான கேள்விதான் என்று தெளிவாக 27 ஆண்டுகள் ஆயின. நீக்கப்பட 52 ஆண்டுகள் ஆயின.

ரஹ்மான் தாலிப் வழக்கு

இனி, அவர் வாழ்க்கையின் முக்கியமான அத்தியாயத்துக்கு வருகிறேன். 1964இல் கல்வியமைச்சராக இருந்தவர் அப்துல் ரஹ்மான் தாலிப். தமிழ்ப்பள்ளியில் படித்த நம் ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் இவர் கை பட்டிருக்கிறது. 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதன் வழியாக வந்த 1961 கல்விச் சட்டமும் போட்ட பாதையில்தான் நான் நடந்து வந்தேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி. என் வகுப்புத் தோழர்களில் சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்துவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

அந்த அமைச்சர் பதவியைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று டி.ஆர். நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். அரசமைப்புச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, அவையில் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. அமைச்சர் சவால் விட்டார்: இதை வெளியே வந்து சொல்லத் துணிவு உண்டா என்பதே அந்தச் சவாலின் பொருள்.

நம்மில் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவோம். காரணம், அவதூறு வழக்கின் தன்மை அப்படி. குற்றம் சாட்டியவர்தான் தாம் சொன்னது உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால் இழப்பீடு, செலவுத் தொகை, பெயர் கெடுதல் எல்லாம் அவர் தலையில் விழும். அதுவும் அரசாங்கத்தின் கையில் கோப்புகள் இருக்க, அவையில் அவர் கட்சிக்கு இருந்தவர் இரண்டே பேர்! இதையெல்லாம் நன்கு அறிந்த வழக்குரைஞர்தான் டி.ஆர். ஆனாலும் கோலாலம்பூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில், அவையின் பாதுகாப்பு இல்லாமல், அதே குற்றச்சாட்டை மீண்டும் சொன்னார்.

அமைச்சர் வழக்குத் தொடுத்தார், 1965இல் தோற்றார். மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அமைச்சர் பதவி போயிற்று. கல்வியமைச்சுக்கு முகமட் கீர் ஜொஹாரி வந்தார்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். டி.ஆரின் மடியில் கனம் இருந்தது. அது ஆதாரங்களின் கனம். அவையில் கத்திவிட்டுப் போவது எளிது. அங்கே சொன்னதை எந்தப் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் நின்று மெய்ப்பிக்கும் அளவுக்கு வீட்டுப்பாடம் செய்துவிட்டுக் கேட்பதுதான் அரிது. அந்த வெற்றிக்குத் துணிவு பாதி என்றால், உழைப்பு மறுபாதி என்றே நான் கருதுகிறேன்.

அவருக்குப் பின்

1969 மார்ச் மாதம், பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதங்கூட இல்லாத நேரத்தில், டி.ஆர். காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் தொடவில்லை. மே 10இல் நடந்த தேர்தலில் அவர் கட்சி 4 நாடாளுமன்ற இடங்களையும் பேராக்கில் 12 சட்டமன்ற இடங்களையும் வென்றது. மூன்றே நாளில் மே 13 கலவரம். நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. கூடியதும் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. குடியுரிமை, தேசிய மொழி, சிறப்புரிமை, மலாய் ஆட்சியாளர்களின் நிலை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கும் பேச்சுக்கு அவையின் பாதுகாப்புக்கூட இனி முழுமையாகக் கிடையாது என்றாயிற்று. டி.ஆருக்கு இருந்த கேடயம் அவருக்குப் பின் வந்த உறுப்பினர்களுக்கு அதே அளவில் இல்லை.

கட்சியின் கதையும் மாறியது. எஸ்.பி. தலைமையில் அது ஆளுங்கூட்டணியோடு சேர்ந்தது. பின்னர் தேசிய முன்னணியில் இடம்பெற்றது. 1974 தேர்தலில் மெங்லெம்பு வாக்காளர்கள் எஸ்.பி.யையே தோற்கடித்தார்கள். மறு ஆண்டு அவரும் மறைந்தார். கேள்வி கேட்பதற்காகவே மக்கள் அனுப்பிய கட்சி, கேள்வி கேட்கும் இடத்தை விட்டு எழுந்துவிட்டதால் வந்த விளைவு என்றே இதை நான் படிக்கிறேன். கூட்டணியில் சேர்ந்ததற்கு அவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் இருந்திருக்கும். வாக்காளர்களுக்கும் இருந்திருக்கிறது.

நமக்கு என்ன?

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2022 ஆகஸ்டில் பொதுக் கணக்குக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. கடற்படைக்காக ஆறு கடலோரப் போர்க்கப்பல்கள் கட்டும் திட்டத்துக்கு 600 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. ஒரு கப்பல்கூட முடிக்கப்படவில்லை என்றது. தற்காப்பு இரகசியம் என்று எல்லாரும் வாய்மூடி இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

போலீசை எடுத்துக்கொள்வோம். புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று 2005இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. அதைவிட அதிகாரம் குறைந்த ஓர் அமைப்புக்கான சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 18 ஆண்டுகள்! தடுப்புக் காவலில் மகனை இழந்த தாய்மார்களின் அழுகை நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அந்த 18 ஆண்டுகளும் அவர்களுக்கு வெறும் எண் அல்ல.

நாம் எல்லாரும் நாடாளுமன்றம் போகப் போவதில்லை. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே தொடங்குவதும் இல்லை. மாணவர் இயக்கங்களின் ஆண்டுக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று நாம் அறிவோம். பொருளாளர் கணக்கறிக்கையை வாசிப்பார். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். இரண்டு நிமிடத்தில் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படும். எல்லாரும் சாப்பிடப் போவோம். யாராவது ஒருவர் எழுந்து ஒரு செலவைப் பற்றிக் கேட்டால், நம்பிக்கையில்லையா என்று முகம் சுளிப்போம். கேட்பவர் பகைவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. இந்த எண்ணத்தோடு வளரும் நாம், நாளை அரசு ஊழியர்களாகவும் ஆசிரியர்களாகவும் கோயில் நிர்வாகிகளாகவும் ஆகிறோம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு வரும்போது கணக்கறிக்கையை முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள், நண்பர்களே. ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேட்பதற்கு முன், அதே கேள்வியைக் கூட்டம் முடிந்த பிறகு, பொருளாளரின் முகத்துக்கு நேராகவும் கேட்க முடியுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். முடியும் என்றால் அது கேட்கத் தகுந்த கேள்விதான்.