வாசலுக்கு வந்த வேளாண் பள்ளி

நிலக்கடலையிலிருந்து 300 பொருள்களை உருவாக்கிய கறுப்பின விஞ்ஞானி என்பதே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்கு உலகம் சூட்டியிருக்கும் அடைமொழி. முப்பதாண்டுகளுக்கு மேல் வேளாண் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த அடைமொழி அவரது பெருமையைக் குறைத்தே காட்டுகிறது என்று கருதுகிறேன். அந்த 300-இல் சந்தையில் நிலைத்தவை மிகச் சில. கடலை வெண்ணெயைக் கண்டறிந்தவரும் அவர் அல்லர். அவர் ஆற்றிய பெரும்பணி வேறு.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1864-ஐ ஒட்டி, ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் கார்வர். கைக்குழந்தையாக இருந்தபோது தாயும் சேயும் கடத்தப்பட்டனர். குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது. சொந்த ஊர்ப் பள்ளியில் கறுப்பினச் சிறுவனுக்கு இடமில்லை என்பதால் நியோஷோ என்னும் ஊருக்கு நடந்தே சென்று படித்தார். துணி வெளுத்தும் சமையல் வேலை செய்தும் வயிறு வளர்த்தார். அயோவா வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கேயே ஆசிரியராக நிம்மதியாக இருந்திருக்கலாம். புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அதே ஆண்டு அலபாமாவில் உள்ள டஸ்கீகி கல்வி நிலையத்துக்குச் சென்றார்.

அங்கு அவர் கண்டது பருத்தி, பருத்தி, மேலும் பருத்தி. அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்திருந்தும் நிலம் பழைய எசமானர்களிடமே இருந்தது. கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை வாரத்துக்கு உழுதன. விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன்; அந்தக் கடனுக்கு விளையப்போகும் பயிரே அடமானம். அடமானமாக ஏற்கப்பட்டது பெரும்பாலும் பருத்தி மட்டுமே. எனவே வீட்டு வாசற்படி வரை பருத்தி நின்றது. கீரைப் பாத்திக்குக்கூட இடமில்லை. உழுகிற குடும்பமே மக்காச்சோள மாவையும் கொழுப்புப் பன்றி இறைச்சியையும் வெல்லப்பாகையும் கடனுக்கு வாங்கித் தின்றது. தோலைப் புண்ணாக்கி அறிவையும் கலக்கும் பெலாக்ரா என்னும் சத்துக்குறை நோய் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பரவியதற்கு இந்த உணவே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

தொடக்கத்தில் கார்வரும் கல்லூரியில் கற்றவாறே கடையில் விற்கும் உரங்களை வைத்துத்தான் சோதனைகள் செய்தார். அவற்றை வாங்க அந்த விவசாயிகளிடம் காசில்லை என்பது விரைவில் விளங்கியது. அதன்பின் அவரது ஆராய்ச்சியின் திசையே மாறியது. சதுப்பு நிலச் சேறும் காட்டுச் சருகும் உரமாயின. ஓக் மரக்கொட்டை பன்றித் தீவனமாயிற்று. மண்ணுக்குத் தழைச்சத்தும் வயிற்றுக்குப் புரதமும் ஒருங்கே தரும் தட்டைப்பயறு, நிலக்கடலை, இவற்றோடு சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிடச் சொன்னார். பணம் கேட்காத அறிவுரை மட்டுமே ஏழைக்கு அறிவுரை என்பதை ஒரு பொருளியல் நூலும் படிக்காமல் அவர் உணர்ந்திருந்தார்.

1898 முதல் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். எப்படி விளைவிப்பது என்பதோடு எப்படிச் சமைப்பது என்பதும் அவற்றில் இருந்தது. கடலையைச் சமைக்க 105 வழிகளைச் சொல்லும் 1916-ஆம் ஆண்டு வெளியீடு புகழ்பெற்றது. ஆனால், அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே 1832-இல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. படிக்கத் தெரியாதவருக்கு அச்சிட்ட தாள் எதற்கு?

அந்தக் கேள்விக்கு விடையாக 1906-இல் ஒரு குதிரை வண்டி புறப்பட்டது. கலப்பை, விதை, உரம், பால் கடையும் கருவி ஆகியவற்றைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று, விவசாயியின் நிலத்திலேயே செய்து காட்டிய பள்ளி அது. வடிவமைத்தவர் கார்வர்; பணம் தந்த நியூயார்க் செல்வந்தர் ஜெசப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதை நடத்திய தாமஸ் கேம்பெல்லை, அதே ஆண்டிலேயே அமெரிக்க வேளாண் துறை தனது முதல் கறுப்பின வேளாண் விரிவாக்கப் பணியாளராக நியமித்தது.

இந்த வண்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்றவுணர்வு எழும். 1980-களில் முனைவர் பட்ட ஆய்வுக்காக வட தமிழகத்து மானாவாரிக் கிராமங்களில் மல்லாட்டை விவசாயிகளைச் சந்தித்தேன். ஒருவர் கூரையில் செருகி வைத்திருந்த துண்டறிக்கையை எடுத்து, படித்துக் காட்டச் சொன்னார். உர அளவுகள் ஹெக்டேர் கணக்கில் இருந்தன. அவருக்குத் தெரிந்தது ஏக்கரும் குழியும். அதில் சொன்ன எதையும் கடன் வாங்காமல் செய்ய இயலாது. ஆயினும் என் ஆய்வேட்டின் அட்டவணையில், தொழில்நுட்பத் தகவல் கிடைத்தவர்களின் பத்தியில்தான் அவரைச் சேர்த்தேன்.

கார்வரின் வழிக்கும் எல்லை இருந்தது. தட்டைப்பயறு நல்லது என்று தெரிந்த வாரதாரரும் நிலக்காரர் சொன்னால் பருத்தியைத்தான் விதைக்க வேண்டும். 1910 வாக்கில் பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டு அலபாமாவுக்குள் நுழைந்து விளைச்சலை அழித்தது. வணிகர்களும் கடன் கொடுத்தோரும் கடலைக்கு இசைந்த பின்பே அம்மாநிலத்தின் தென்பகுதி கடலைக்கு மாறியது. என்டர்பிரைஸ் என்ற ஊர், செழிப்புக்கு வழிவிட்டதற்காக அந்த வண்டுக்கே 1919-இல் நினைவுச் சின்னம் எழுப்பியது. நில உடைமையைப் பற்றிக் கார்வர் உரத்துப் பேசியதில்லை. அது அவரது குறையா, அன்றைய அலபாமாவில் ஒரு கறுப்பினத்தவர் உயிரோடு பணியாற்றுவதற்கான விலையா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

1921-இல் கடலை இறக்குமதி வரி குறித்து நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் விடாமல் மேலும் மேலும் பேசச் சொன்னார்கள். கடலை மனிதர் என்ற புகழ் அன்று தொடங்கி, வண்டியையும் வெளியீடுகளையும் மறைத்தது.

1942-இல், எண்பதை நெருங்கிய வயதில், போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டை எண்ணி மற்றுமொரு வெளியீட்டை எழுதினார். வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் தானே முளைக்கும் களைகளில் எவை எவை கீரையாகும், எப்படிச் சமைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1943 ஜனவரி 5 அன்று டஸ்கீகியில் காலமானார்.