மாருதி இன்ஜினில் பிறந்த பந்தயக் கார்



வத்தலக்குண்டில் பஸ் ஏறி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போனால் கோவை வந்துவிடும். பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற அந்த ஊர், கார் பந்தயத்துக்கும் பெயர்பெற்றது. அதற்கு முக்கியக் காரணமானவர், எஸ்.கரிவரதன். 1954ல் பிறந்த இவரை, பந்தய உலகில் செல்லமாக, 'கரி' என்றே அழைத்தனர்.

லட்சுமி மில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் கரி. ஆனால், அவர் மனம் கார்களையே சுற்றி வந்தது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் பந்தயத்துக்கென்று தனிப் பாதை கிடையாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. அங்குதான் பந்தயங்கள் நடந்தன. கரியும் அங்கே சீறிப் பாய்ந்தார்.

பந்தயம் ஓட்டியவருக்கு ஓர் உண்மை புரிந்தது. நல்ல பந்தயக் கார் வேண்டும் என்றால் வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டும். விலையோ மிக அதிகம். அப்படியானால், திறமை இருந்தும் பணம் இல்லாத இளைஞன் என்ன செய்வான்? வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா?

கரி வேறு வழி யோசித்தார். அமெரிக்காவில், 1949ல் நாஸ்கார் அமைப்பு நடத்திய பந்தயத்தில், கடையில் விற்கும் சாதாரணக் கார்களே ஓடின என்பது உங்களுக்குத் தெரியுமா? கரியோ, சாதாரணக் காரின் இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டார்.

1983ன் இறுதியில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்திருந்தது. அதன் இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்டது. உதிரி பாகங்கள் நம் ஊரிலேயே கிடைக்கும். அந்த இன்ஜினைப் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை கோவையில் வடிவமைத்தார் கரி. அதுதான், 'பார்முலா மாருதி!'

அந்தக் கார் தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும். ஏன் தெரியுமா? எடை தாழ்வாக இருந்தால்தான், வேகமாக வளையும்போது வண்டி கவிழாது. குத்துவிளக்கின் அடிப்பாகம் அகலமாகவும், கனமாகவும் இருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

எல்லாரிடமும் ஒரே மாதிரி கார் என்றால், பணக்காரர் ஜெயிப்பதில்லை. நன்றாக ஓட்டுபவரே ஜெயிப்பார். பார்முலா மாருதியில் பல இளைஞர்கள் பந்தயம் பழகினர்.

ஆனால், 1995ல் நடந்த விமான விபத்தில் கரி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.

பத்து ஆண்டுகள் கழித்து, 2005ல், உலகின் உயர்ந்த கார் பந்தயமான பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார், நரேன் கார்த்திகேயன். அவரும் தொடக்கத்தில் பார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். அந்த நாளைக் காணக் கரி உயிரோடு இல்லை. கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை, 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குழந்தைகளே, வேகம் காட்டப் பந்தயப் பாதை இருக்கிறது. நம் ஊர்ச் சாலை அதற்கு இடமல்ல. கரியிடம் கற்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. தான் ஜெயிப்பதோடு நின்றுவிடாமல், மற்றவர்களும் ஓட வழி செய்தாரே... அந்த மனசைக் கற்றுக்கொள்ளுங்கள்!