எண்பது வயதில் ஒரு புதிய கட்சி

1959ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அதற்கு முன் மே 30ல் நடந்த தேர்தலில் 51 இடங்களில் ஒரே ஒரு சுயேச்சை வேட்பாளர்தான் வென்றார். சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் தொகுதியில் நின்ற ஏ.பி. ராஜாதான் அவர். இங்குள்ள தமிழர்கள் அந்தச் செய்திகளைப் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஜூன் 4ஆம் தேதி, சென்னையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. எண்பது வயதான ராஜாஜி, நேருவின் காங்கிரசை எதிர்த்துப் புதிய கட்சி தொடங்குகிறார் என்பதே அது.

அந்த வயதில் அவர் அடையவேண்டிய பதவி எதுவும் மிச்சமில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டார். பாரத ரத்னா விருதும் பெற்றுவிட்டார். காந்தியின் மகன் தேவதாசுக்குத் தம் மகள் லட்சுமியை மணமுடித்துக் கொடுத்திருந்தார். நேருவோ பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரதமர். அவரை எதிர்த்து நிற்க வலுவான கட்சி ஒன்றும் இல்லாத காலம் அது.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராகப் பெயரெடுத்து, 1917ல் சேலம் நகராட்சித் தலைவரானார். காந்தியைப் பின்பற்றித் தொழிலைக் கைவிட்டார். 1925ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதரும் மதுவிலக்கும் பரப்பினார். 1930ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புச் சத்தியாகிரக யாத்திரையை நடத்தினார்.

1937ல் சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். அமைச்சர்களுக்கு மாதச் சம்பளம் 500 ரூபாய் போதும் என்று காங்கிரஸ் வரையறுத்திருந்த காலம். சிக்கனம் அவருக்கு இயல்பிலேயே வந்தது. ஆனால் அரசு எதில் தலையிடலாம், எதில் கூடாது என்ற கேள்வியில் அன்றைய ராஜாஜி வேறு மனிதர். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சாராயக் கடைகளிலிருந்து வந்த வருவாய் நின்றது. அதை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரி விதித்தார். இந்தியாவில் அத்தகைய வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணம்தான். தேக்காவில் மளிகை வாங்கிப் பொருள், சேவை வரியைக் கட்டும் நமக்கு விற்பனை வரி புதிதல்ல. குறைந்த வரி கேட்டுக் கட்சி நடத்தியவரே அதை இந்தியாவில் தொடங்கிவைத்தவர் என்பதுதான் பலருக்குப் புதிதாக இருக்கும்.

அதே ஆட்சியில்தான் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. எதிர்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். அரசின் கை நீளக்கூடாது என்று பின்னாளில் எழுதியவர், அந்தக் கை எவ்வளவு நீளும் என்பதைத் தாமே காட்டியிருந்தார்.

1952ல் மீண்டும் முதல்வரானார். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரின் நியமனத்தில் மேலவைக்கு வந்தார். வாக்காளரைச் சந்திக்காமல் முதல்வரானது அன்றே கண்டனத்துக்கு உள்ளானது. பொறுப்பேற்ற சில வாரங்களில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதுவரை ரேஷனில்தான் அரிசி. நினைத்தபடி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நெல்லைக் கொண்டுசெல்ல முடியாது. கட்டுப்பாட்டை எடுத்தால் பதுக்கலும் பஞ்சமும் வரும் என்று அஞ்சியவர்கள் பலர். அப்படி நடக்கவில்லை. வெளியே அரிசி வந்தது. சந்தையை நம்பலாம் என்ற எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டதற்கு இந்த அனுபவம் முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மறு ஆண்டே அவருடைய சிக்கனக் கணக்கு பெரிதாகத் தவறியது. பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் ஏராளம்; புதிய பள்ளிகள் கட்டப் பணமில்லை. எனவே தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரு வேளையாகப் பிரித்தார். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரு மடங்கு மாணவர். தாளில் பார்த்தால் குறையில்லாத ஏற்பாடு. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றதுதான் வினையானது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்க வேண்டுமா என்று தமிழகமே கேட்டது. பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். சுயமரியாதை இயக்கம் வேரூன்றியிருந்த சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ராஜாஜியின் பெயரோடு அந்தச் சொல்லும் ஒட்டிக்கொண்டது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்து, 1954ல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டது. விவசாயியின் நிலம் கைவிட்டுப் போகும் என்று ராஜாஜி எதிர்த்தார். என்.ஜி. ரங்காவும் மினூ மசானியும் கே.எம். முன்ஷியும் சேர, சுதந்திராக் கட்சி உருவானது.

அவருடைய வாதம் எளிமையானது. தொழில் தொடங்க லைசென்ஸ், இறக்குமதிக்கு பெர்மிட், மூலப்பொருளுக்கு கோட்டா என்று எல்லாவற்றுக்கும் அரசின் வாசலில் நிற்க வேண்டியிருந்தால், அனுமதி பெற்றவர் ஆளுங்கட்சிக்குக் கடன்பட்டவர் ஆகிறார். தேர்தல் நிதியும் அங்கேயே போகிறது. வரவுக்கு மேல் செலவிட்டு அரசு பணத்தை அச்சிட்டால் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் பணக்காரரைவிட ஏழையைத்தான் அதிகம் தாக்குகிறது. இதையே சுவராஜ்யா இதழில் ஆங்கிலத்திலும் கல்கியில் தமிழிலும் வாரந்தோறும் எழுதினார். மன்னர்களும் ஜமீன்தார்களும் முதலாளிகளும் கட்சிக்குள் வந்துவிட்டதால், ஏழைக்காகச் சொன்னதும் செல்வந்தருக்காகச் சொன்னதாகவே கேட்டது. அந்தப் பெயரைக் கட்சியால் கடைசிவரை துடைக்க முடியவில்லை.

1962ல் மக்களவையில் 18 இடங்கள். 1967ல் 44 இடங்களுடன் மிகப் பெரிய எதிர்க்கட்சி. தமிழகத்தில் காங்கிரசை வீழ்த்த அவர் கைகோத்தது அண்ணாவின் திமுகவோடு. 1938ல் இந்தியைத் திணித்தவர், இப்போது இந்தியை எதிர்த்தவர்களோடு ஒரே மேடையில் நின்றார். பற்றாக்குறைச் செலவை வெறுத்தவர், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி தந்த கட்சிக்கு ஆதரவு திரட்டினார். காங்கிரஸ் தோற்றது, அது மாநிலத்தில் மீண்டும் ஆட்சிக்கு வரவே இல்லை. சுதந்திராக் கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. ஆனால் திமுக தனியாகவே பெரும்பான்மை பெற்றுவிட்டதால் ராஜாஜியின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. 1971ல் அவர் எதிரணியில் காமராசரோடு நின்றார், தோற்றார்.

அதே 1971ல், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி முதல்வர் கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தது. 92 வயது ராஜாஜி முதல்வரின் வீடு தேடிச் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முடிவு மாறவில்லை.

1972 டிசம்பர் 25ஆம் தேதி சென்னையில் ராஜாஜி காலமானார். 1974ல் தமிழகத்தில் மதுவிலக்கு மீண்டும் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டில் சுதந்திராக் கட்சி, சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்துடன் இணைந்தது.